நாற்பத்தொன்று வாங்கிய சுருட்டு

காரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, மேடம் கைப்பையைத் துழாவி ஒரு சின்ன பாட்டிலை வெளியே எடுத்தார்.

"உன் கைக்குட்டையைக் கொடு."

சில்லறை தயங்கிக்கொண்டே கொடுத்தான். துவைத்து மடித்த நிலையில் அவனிடம் இருந்த ஒரே கைக்குட்டை அது. மேடம் பாட்டிலைத் திறந்து அதன் மேல் கவிழ்த்தார். கார் முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது.

"மேடம், வேலையை விட்டு அனுப்பறதுன்னா வாயால சொன்னாப் போதும். கொளுத்தித்தான் ஆகணுமா?"

"சட்டையில மேல் பையில வெச்சுக்க."

"எதுக்குன்னு..."

"எதுக்குன்னு தெரிஞ்சா உன் மூஞ்சியில எழுதி ஒட்டின மாதிரி ஆயிடும். உள்ள போனதும் அந்த ஆளு பக்கத்துல உக்காரு. ரொம்பப் பக்கத்துல. வாயை மட்டும் திறக்காதே."

"அவர் சுருட்டு பத்த வைக்கிற ஆளு மேடம்!"

"தெரியும். அதான் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கேன்."

"என் பேர்லயா?"

"என் பேர்ல."

சில்லறை என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. ஆள் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. எந்நேரமும் கலகலவென்று சத்தம். அலுவலகத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மேடம் சுங்க இலாகாவில் இருபது வருஷம் பிறர் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர். பிறகு பெட்டிகளைவிட மனிதர்களுக்குள் அதிகம் ஒளிந்திருப்பதாகப் பட்டு, வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். மனிதர்கள் மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. அதிலும் புகையை உறிஞ்சிவிட்டு அதற்குப் பெயர் சூட்டுகிறவர்கள் மேல் சுத்தமாகக் கிடையாது.

அப்படிப்பட்ட ஒருவரின் வீட்டு வாசலில்தான் கார் நின்றிருந்தது.

வழக்கு நேற்றுக் காலை வந்தது. சுருட்டுப் பட்டறை நடத்தும் ஒரு பெண்மணி, அச்சாகப்போகும் ஒரு விமரிசனத்தின் மாதிரித் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்காராமலே பேசினாள். பட்டறையில் இருபத்திரண்டு பெண்கள் சுருட்டு உருட்டுகிறார்கள். மூன்று வருஷமாக மாற்றி மாற்றி இலை கலந்து, விரல் நீளத்தில், கால்மணி நேரத்தில் புகைத்து முடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சுருட்டு தயாரித்திருக்கிறார்கள். உசத்தி இலை, உசத்தி விலை. பெரிய ஹோட்டல்காரர்கள் மொத்தமாக வாங்கத் தயார். ஆனால் ஒரு நிபந்தனை. சுருட்டுப் பிரியர்கள் படிக்கும் மாதப் பத்திரிகையின் விமரிசகர் நூற்றுக்கு எண்பதாவது போட வேண்டும்.

விமரிசகர் நாற்பத்தொன்று போட்டிருந்தார்.

'பெட்டியைத் திறந்ததும் ஈரக் கோணி. பற்றவைத்தால் பூசணம் பிடித்த சுவர். கடைசிப் பகுதியில் மழையில் நனைந்த நாய். அடுப்பெரிக்க வாங்கலாம் என்றால், அதற்கு விறகே மலிவு.'

"நாளைக்குச் சாயங்காலம் அச்சுக்குப் போகுது மேடம். யாரோ என் சுருட்டை எடுத்துட்டுக் குப்பையை வெச்சிருக்காங்க. அது என் சுருட்டே இல்லை," என்றாள் பட்டறைக்காரம்மா. அழவில்லை. அழுதால் அந்த நாற்பத்தொன்றை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பதுபோல் நிமிர்ந்து நின்றாள்.

பட்டறைக்குப் போய்ப் பார்த்தார்கள். நீள மேஜைகள், ஈரத்துணி மூடிய இலைக்கட்டுகள், உதட்டை அசைக்காமல் பேசக் கற்ற பெண்கள். ஒவ்வொரு சுருட்டின் காகித வளையத்துக்கு உட்புறத்திலும் உருட்டியவரின் எண் பென்சிலால் குறித்திருக்கும் என்று பட்டறைக்காரம்மா காட்டினாள். வெளியே யாருக்கும் தெரியாத அடையாளம். சில்லறைக்கு ஒரு சுருட்டைக் கொடுத்துப் புகைக்கச் சொன்னார்கள். முதல் இழுப்பிலேயே அவன் வாயை மூடிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அப்படி நடப்பது அபூர்வம்.

"எப்படி இருக்கு?" என்றார் மேடம்.

"சம்பளம் இல்லாமலே இங்க வேலைக்குச் சேந்துடலாம் போல இருக்கு."

அதன்பின் மேடம் பத்திரிகையின் பழைய இதழ்களை வரவழைத்து, மதியம் முழுக்கச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். என்ன கண்டுபிடித்தார் என்று சொல்லவில்லை. இன்று காலை வண்டி எடுக்கச் சொன்னார். வழியில் மண்ணெண்ணெய் வாங்கினார்.

விமரிசகரின் மனைவி கதவைத் திறந்தாள். ஐம்பதைத் தொடும் வயது. புருஷனின் விருந்தாளிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன முகம். சில்லறை உள்ளே கால் வைத்ததும் அவள் மூக்கு சுருங்கியது. கண் நேராக அவன் சட்டைப் பைக்குப் போனது. ஏதோ கேட்க வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "மாடியில இருக்கார்," என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னே நடந்தாள்.

மேடம் சில்லறையைத் திரும்பிப் பார்த்தார். வேட்டை நாய்க்குச் சிரிக்கத் தெரியுமானால் இப்படித்தான் சிரிக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

மாடி அறையின் ஜன்னல்கள் எல்லாம் இறுக்க மூடியிருந்தன. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, உள்ளே அடுக்கடுக்காகச் சுருட்டுப் பெட்டிகள். ஓர் ஓரத்தில் விருதுகள். நடுவில், ஆளை விழுங்கும் தோல் நாற்காலியில் விமரிசகர் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. சில்லறை அவருக்கு முழங்கை தூரத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அந்தப் பட்டறைப் பொம்பளை துப்பறியறவங்களை வேற கூட்டிட்டு வந்துட்டாளா?" விமரிசகர் சிரித்தார். "நாற்பத்தொண்ணு போட்டதே கருணை. நாலு பொம்பளைங்க உக்காந்து ஊர் வம்பு பேசிக்கிட்டு உருட்டினா அது சுருட்டாயிடுமா?"

"இருபத்திரண்டு பேரு," என்றார் மேடம்.

"அப்ப இன்னும் மோசம்."

"உங்க மூக்கைப் பத்தி ரொம்பச் சொல்றாங்க. அதான் நேர்ல பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

பாராட்டு என்றதும் விமரிசகரின் முதுகு தானாக நிமிர்ந்தது. "இது பயிற்சியில வர்றதில்லைம்மா. பிறவியிலேயே வரணும். இந்த அறைக்குள்ள யார் வந்தாலும் காலையில என்ன சாப்பிட்டாங்கன்னு சொல்லிடுவேன். இதோ..." சில்லறையின் பக்கம் சாய்ந்து, கண்ணை மூடி, மூன்று முறை மூச்சை இழுத்தார். மண்ணெண்ணெய்ப் பைக்கும் அந்த மூக்குக்கும் நடுவே ஒரு ஜாண்கூட இல்லை. "சந்தன சோப். மலிவான சந்தன சோப். சரியா?"

அன்று காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. சில்லறை குளிக்கவே இல்லை. அவன் வாயைத் திறந்தான். மேடம் பார்த்தார். மூடிக்கொண்டான்.

"அபாரம்," என்றார் மேடம். "அந்தச் சுருட்டுல மிச்சம் இருக்கா?"

விமரிசகர் சலிப்போடு ஒரு பெட்டியைத் தள்ளினார். பத்தில் ஏழு இருந்தன. மேடம் ஒன்றை எடுத்துக் காகித வளையத்தை நகத்தால் கிழித்து, உட்புறத்தைச் சில்லறைக்குக் காட்டினார். பென்சிலில் 14 என்று எழுதியிருந்தது.

சில்லறைக்குப் பதினாலாம் எண் பெண்மணியைத் தெரியும். நேற்றுப் பட்டறையில் அந்தத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நாய் வாசனையாமே? எந்த நாய்?" என்று அவனிடம் கேட்டவள். எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவள் சிரிக்கவில்லை.

ஆக, சுருட்டை யாரும் மாற்றவில்லை.

"எங்க முன்னாடி ஒண்ணு புகைச்சுக் காட்டுங்களேன்," என்றார் மேடம். "உங்களை மாதிரி ஒருத்தர் எப்படி எடை போடறார்னு கத்துக்கறோம்."

விமரிசகர் சுருட்டை விரல்களுக்கு நடுவே உருட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். நுனியைச் சின்ன வெட்டியால் சீவினார். பிறகு நீளமான தீக்குச்சியைச் சில்லறையின் மார்புக்கு நேரே சர்ரென்று கிழித்தார். சில்லறைக்கு இஷ்ட தெய்வம், கஷ்ட தெய்வம் எல்லாம் ஒரே வரிசையில் வந்து போயின.

அப்போது காபித் தட்டோடு மனைவி வந்தாள். தீக்குச்சியைப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் சில்லறைக்குப் பின்னால் இருந்த ஜன்னலுக்குப் போய் இரண்டு கதவுகளையும் படாரென்று திறந்தாள்.

"ஏய், ஜன்னலை யார் திறக்கச் சொன்னது? புகை கலைஞ்சா எனக்கு எப்படித் தெரியும்? ஆயிரம் தடவை சொல்லியாச்சு. இவளுக்கு வாசனைன்னா என்னன்னே தெரியாதும்மா."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை. பிறகு வெளியே போனாள். ஆனால் காலடிச் சத்தம் கதவுக்கு அப்பால் நின்றுவிட்டது.

விமரிசகர் இழுத்து, புகையை வாயில் உருட்டி, விட்டார். மண்ணெண்ணெயையும் மீறி நேற்றைய அதே வாசனை சில்லறையைத் தொட்டது. "ஆரம்பத்திலேயே பூசணம்," என்றார் விமரிசகர் முகத்தைச் சுளித்து. "ஈரக் கோணி. ஐயோ, இதை ஒரு மனுஷன் எப்படி..."

"போன மாச விமரிசனத்துல ஒரு வரி எழுதியிருந்தீங்க," என்று மேடம் குறுக்கிட்டார். "'அப்போதுதான் இஸ்திரி போட்ட பருத்தித் துணியின் சூடு'ன்னு. ரொம்ப ரசிச்சேன். இஸ்திரி நீங்களே போடுவீங்களா?"

"நானா? அதுக்குத்தான் இவ இருக்காளே."

"அதுக்கு முந்தின மாசம், 'கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்கிய மல்லி விதை.' சமையல்?"

"அடுப்படிப் பக்கம் போறது என் வேலையா? இதென்ன கேள்வி?"

"கடைசிக் கேள்வி. சில்லறை, பையில இருக்கிறதை எடுத்து ஐயா கையில கொடு."

சில்லறை கொடுத்தான். விமரிசகர் கைக்குட்டையை மூக்கில் வைத்து நன்றாக இழுத்தார். "கைக்குட்டை. கொஞ்சம் வேர்வை. இதுல என்ன இருக்கு?"

"சுருட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க," என்றார் மேடம். "உங்க கையில இருக்கிறது மண்ணெண்ணெயில ஊறின துணி."

கைக்குட்டை தரையில் விழுந்தது. சில்லறை அதைக் காலால் ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு, அரைமணி நேரமாக அடக்கி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டான். "சந்தன சோப்பா ஐயா? இந்த சோப்பைப் போட்டுக் குளிச்சா நேரா சுடுகாடுதான்!"

மேடம் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மூணு இதழ்ல உங்க பக்கம் வரலை. கடும் காய்ச்சல்னு போட்டிருந்தாங்க. அதுவரைக்கும் உங்க எழுத்துல குதிரைச் சேணம், அரண்மனை நூலகம், கப்பல் தளம். எல்லாம் வெத்து ஜம்பம். நாலாவது இதழ்லேருந்து பாத்தா இஸ்திரிப்பெட்டி, மல்லி விதை, குழந்தையோட உச்சந்தலை. நல்ல எழுத்து. ஆனா இந்த வீட்டுல அதையெல்லாம் மோந்து பாத்தவர் நீங்க இல்லை. காய்ச்சல் போனப்போ உங்க மூக்கையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. உங்களுக்காகப் புகைக்கிறது வேற ஒருத்தர்."

விமரிசகரின் முகம் அணைந்த சுருட்டின் சாம்பல் நிறத்துக்கு வந்தது. விருதுகளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அப்புறம் அவர் சொன்னதுதான் அன்றைக்கு நடந்ததிலேயே மட்டமான விஷயம் என்று சில்லறை பின்னால் பலரிடம் சொன்னான்.

"எல்லாம் இவ செஞ்சது! இவ சொன்னதைத்தான் நான் எழுதினேன். பூசணம்னா பூசணம், நாய்னா நாய். தப்புன்னா இவளைக் கேளுங்க!"

கதவு திறந்தது. மனைவி உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கேளுங்க," என்றாள்.

"அந்தச் சுருட்டுல பூசணம் இருந்துச்சா?" என்றார் மேடம்.

"இல்லை. நாயும் இல்லை. ரெண்டு வருஷத்துல நான் புகைச்சதுலேயே நல்ல சுருட்டு அது."

விமரிசகர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "அப்ப ஏன்டி என்கிட்ட..."

"பொய் சொன்னேன். வேணும்னுதான் சொன்னேன்." அவள் அவரைப் பார்க்கவில்லை; மேடத்திடம்தான் பேசினாள். "போன மாசம் விருது விழா. இவருக்கு வருஷத்தின் சிறந்த மூக்குன்னு மாலை. மேடையில நின்னுக்கிட்டு, 'என் வீட்டுக்காரிக்குச் சுருட்டுக்கும் ஊதுபத்திக்கும் வித்தியாசம் தெரியாது'ன்னு சொன்னார். முன்னூறு பேரு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்றது? வீட்டுக்கு வந்ததும் அதே வாயால, 'நாளைக்கு ரெண்டு பெட்டி வருது, சீக்கிரம் புகைச்சுச் சொல்லு'ன்னார். அன்னிக்கே முடிவு பண்ணினேன். சுமாரான சுருட்டை மட்டம்னு சொன்னா யாருக்கும் தெரியாது. ரொம்ப நல்லது ஒண்ணு வரட்டும், அதைச் சாக்கடைன்னு எழுத வைக்கலாம். வாங்கிப் புகைக்கிறவன் ஒவ்வொருத்தனும் இவரைப் பாத்துச் சிரிக்கணும்."

சில்லறைக்கு அந்தத் திட்டம் பிடித்திருந்தது. கைதட்டக்கூடத் தோன்றியது. மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

"வாங்கிப் புகைக்க அது கடைக்கு வந்தாத்தானேம்மா?" என்றார் மேடம். "நாற்பத்தொண்ணு வாங்கின சுருட்டை எவன் வாங்குவான்? ஹோட்டல்காரன் கைகழுவிடுவான். பட்டறைக்குப் பூட்டு. யாரும் சிரிக்க மாட்டாங்க. இவர் அடுத்த வருஷமும் மாலை போட்டுக்குவார். உங்க கணக்கு அவ்வளவுதான்."

"அவங்களைப் பத்தி நான் நினைக்கலை," என்றாள் மனைவி மெதுவாக.

"இவரும் உங்களைப் பத்தி நினைக்கலை. மேடையில."

அடுத்துப் பேசியது சில்லறை. குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை. "அந்தச் சுருட்டை உருட்டினவங்களைப் பாத்தேம்மா. பதினாலாம் நம்பர். மூணு வருஷமா தினம் அந்த இலையை மோந்து பாத்த பொம்பளை. நேத்து அந்தத் தாளைப் படிச்சுட்டு, தன் கையைத் தானே மோந்து பாத்தாங்க. நெஜமாவே நாய் வாசனை வருதோன்னு."

மனைவியின் கண்கள் அவன் மேல் நின்றன. இவ்வளவு நேரம் புருஷனிடம் காட்டிய இகழ்ச்சி முகத்திலிருந்து வடிந்து, வேறு ஏதோ அங்கே வந்தது. அது தன்மேலேயே வந்த இகழ்ச்சியாக இருக்கலாம். எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து ஒரு சின்னச் சுருட்டை எடுத்தாள். வெட்டியைத் தொடவில்லை, நகத்தால் நுனியைக் கிள்ளினாள். பற்றவைத்தாள். இரண்டு வருஷமாகப் பின்கட்டில் ஒளிந்து புகைத்தவள், முதல் தடவையாக அந்த அறையில், அந்த விருதுகளுக்கு முன்னால் புகைத்தாள்.

"பேனாவை எடுங்க," என்றாள்.

"யாரு, நானா?" என்றார் விமரிசகர்.

"எழுதறது உங்க வேலைதானே?"

"எழுதுங்க ஐயா," என்றார் மேடம். "இல்லேன்னா அந்தக் கைக்குட்டையை எடுத்துக்கிட்டு நான் நேரா ஆசிரியரைப் பாக்கப் போறேன்."

விமரிசகர் பேனாவை எடுத்தார்.

அவள் அவசரப்படவில்லை. ஓர் இழுப்பு, ஒரு நிதானம், ஒரு வாக்கியம். "மழை விட்ட மொட்டைமாடியின் முதல் வெயில். நடுவில் காபிக்கொட்டை. கசப்பு நாக்கின் ஓரத்தில் மட்டும், சண்டைக்கு வராமல். சாம்பல் வெள்ளையாக, பாதி வரை உதிராமல் நிற்கிறது." சுருட்டை விரல்களுக்கு நடுவே மெல்ல அழுத்திப் பார்த்தாள். "இழுப்பு கொஞ்சம் இறுக்கம். இலையை ஒரு மயிரிழை தளர்த்தி உருட்டினால் இன்னும் நன்றாயிருக்கும். எண்பத்தெட்டு."

"தொண்ணூறு போடலாமே," என்றான் சில்லறை.

"எண்பத்தெட்டுதான். ஒரு தடவை பொய் சொன்னது போதும்."

தாளை வாங்கிப் படித்துப் பார்த்து, மேடம் கைப்பையில் வைத்துக்கொண்டார். அச்சுக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. கீழே யார் பெயர் போடுவது என்று அவர் கேட்டதும் விமரிசகர் இரண்டு கையையும் குவித்துவிட்டார்.

"இருபது வருஷப் பேரும்மா! காப்பாத்துங்க. என்ன வேணும்னாலும்..."

"அவர் பேரே இருக்கட்டும்," என்றாள் மனைவி.

விமரிசகர் அவளை நன்றியோடு பார்த்தார். அந்த நன்றியில்கூட, கேட்டது கிடைத்துவிட்டது என்ற திருப்திதான் அதிகம் இருந்தது. "அதானே! என் வீட்டுக்காரி என்னை விட்டுக்கொடுப்பாளா?"

அவள் சுருட்டை அணைக்காமல் கையில் வைத்துக்கொண்டே அலமாரியைத் திறந்து, இன்னும் முத்திரை பிரிக்காத ஒரு பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"இது அடுத்த மாசத்துக்கு வந்தது. இனிமே நான் புகைச்சுச் சொல்லப் போறதில்லை. எனக்குத்தான் சுருட்டுக்கும் ஊதுபத்திக்கும் வித்தியாசம் தெரியாதே. நீங்களே புகைங்க, நீங்களே எழுதுங்க, உங்க பேரையே போட்டுக்குங்க." எதிரே உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். "திறங்க. எப்படி இருக்குன்னு சொல்லுங்க, கேப்போம்."

விமரிசகர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் உதவிக்கு வருகிற மாதிரி தெரியவில்லை. முத்திரையைக் கிழித்து, ஒரு சுருட்டை எடுத்து மூக்கின் கீழ் வைத்து நீளமாக இழுத்தார். கண்ணை மூடி இன்னொரு தடவை இழுத்தார். திருப்பி வைத்து மறுமுனையில் இழுத்தார்.

"பழுப்பா இருக்கு," என்றார்.